நரேன் தராத ஒரு மணி நேரம்

"ஒரு மணி நேரம் தர முடியாது, இந்து" என்றான் நரேன். அப்போது அவன் வாயில் இருந்தது இந்துஜா கொண்டுவந்த முறுக்கு. அவளுக்கு அதுதான் அதிகம் வலித்தது.

நட்சத்திரங்கள் பிறக்கும் மேகம் ஒன்றை ரேடியோ தொலைநோக்கியால் மாதம் தவறாமல் கவனித்து வருகிறாள் இந்துஜா. அங்குள்ள நீராவி அனுப்பும் ரேடியோ அலை சில மாதம் ஓங்கும், சில மாதம் ஒடுங்கும். அதில் ஓர் ஒழுங்கு உண்டு என்பதுதான் அவள் ஆராய்ச்சி. இருபத்திரண்டு மாதம் ஓட்டிவிட்டாள். இந்த மாதம் பார்த்து, அவள் முறை வந்த அன்று தொலைநோக்கி பழுது. நடுவில் ஒரு மாதம் விட்டுப்போனால் இரண்டு வருட உழைப்பும் அம்போ.

பழுது சரியானதும், பக்கத்து மேசை நரேனுக்கு துர்கா பூஜை அஷ்டமியன்று மதியத்திலிருந்து ஆறு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் ஒன்றைத்தான் கேட்டாள். முறுக்கு தீர்ந்தது, மனம் இரங்கவில்லை.

அஷ்டமியன்று கொல்கத்தாவே தெருவில் இருந்தது. லேக் கார்டன்ஸ் பந்தலில் வரிசையில் நின்ற இந்துஜா திரும்பிப் பார்த்தாள். புது ஜிப்பா, கையில் கொல்கத்தா பானிபூரியான புச்காத் தொன்னை, சாட்சாத் நரேன். மணி மூன்று.

"உன் நேரம் ஓடிட்டிருக்கு. நீ இங்க என்ன பண்றே?"

"அஷ்டமி வருஷத்துக்கு ஒரு தடவைதானே வருது? புச்கா வேணுமா?"

தானும் தின்னாமல் தள்ளியும் படுக்காத ஜென்மம் என்று பொருமியபடி, ஆராய்ச்சி வழிகாட்டி வசுந்தரா மேடத்துக்கு அங்கிருந்தே போன் போட்டாள். மேளச் சத்தத்துக்கு மேல் கத்தி, புகாரைக் கொட்டித் தீர்த்தாள்.

மேடம் சிரித்தார்.

"இன்னுமா அவன் சொல்லலை? தன் வேலையைத் தள்ளிவெச்சுட்டு, தொலைநோக்கியை உன் மேகத்துப் பக்கம் திருப்ப போன வாரமே அனுமதி வாங்கிட்டானே. அங்க ஆபரேட்டர் இப்போ உன் மேகத்தைத்தான் பார்த்துட்டிருக்கார். உன் கணக்குப்படி இது அலை ஒடுங்குற மாசமாம். ஆறு மணி நேரமும் பார்த்தாத்தான் பிடிபடுமாம். முன்னாடியே சொன்னா நீ வேண்டாம்னுடுவியாம்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கண் கலங்கிவிட்டது.

நரேன் தொன்னையை நீட்டினான்.

"ஒரு மணி நேரம் தர முடியாதுன்னுதானே சொன்னேன்?"