களத்துக்கு அடியில்

மாதேஸ்வரன் சிமெண்டுக் களத்தில் குப்புறப் படுத்து, தரையில் காதை வைத்திருக்கிறான். காப்பிக்கொட்டை காயவைக்க அவனே போன மாசியில் போட்ட களம். வீட்டின் பழைய சாக்கடைக் குழாய் அதன் அடியில் போவதை அன்று அவன் யோசிக்கவில்லை. மூன்று நாளாகச் சமையலறைத் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது. களத்தைத் தாண்டிப் பள்ளத்தில் இருக்கும் குழாய் வாயில் ஒரு சொட்டும் விழவில்லை. உடைத்துப் பார்க்கக் கரித்துண்டால் நான்கு பெருக்கல் குறிகள் போட்டிருக்கிறான். பக்கத்தில் கடப்பாரை பனியில் நனைந்து கிடக்கிறது. அடுத்த வாரம் காப்பிப் பழம் பறிப்பு. சவுக்கு மரங்களை மறைத்தபடி மேகம் இறங்குகிறது. "இன்னொரு குடம் ஊத்து புள்ள," என்கிறான். உள்ளே சமையலறையில் அவன் மனைவி தங்காயி ஊற்றுகிறாள். அவனுக்குத் தன் காதின் துடிப்புதான் கேட்கிறது. அடுத்த குறிக்கு நகர்கிறான். அங்கேயும் ஒன்றும் இல்லை. "இன்னொண்ணு ஊத்து." ஊற்றும் சத்தம் வந்து, நிற்கிறது. பிறகு நெடுநேரம் எதுவுமில்லை. ஈரக்காலோடு தங்காயி வாசற்படியில் வந்து நிற்கிறாள். "ஏனுங்க, களத்த ஒடைக்க வேண்டாங்க. தண்ணி ஊட்டுக்கு அடியில ஓடுது. நம்ம கட்டிலுக்குக் கீழ சத்தம் கேக்குதுங்க." அவன் எழவில்லை. ஊர்ந்துபோய், கடைசிக் குறியின்மேல் காதை அழுத்தி வைக்கிறான்.