புரியாமலிருக்கும் வேலை

மனித அறிவு உச்சியைத் தொட்டுவிட்ட காலம் அது. அப்போது ஒரு மேல்நிலைப் பள்ளியில் குமரகுருபரனுக்கு ஒரே வேலை, கணினி அறிவியல் புரியாமல் இருப்பது. பாடத்தை இயந்திரம் நடத்திவிடும். பிள்ளைகள் அதை அவருக்கு விளக்கிப் பழகுவார்கள். ஆண்டுத் தேர்வில் அவர் தேறிவிட்டால் வேலை போய்விடும்.

பதினோராம் வகுப்பு ரோஸ்லின், தன்னையே அழைத்துக்கொள்ளும் நிரலை விளக்கினாள்.

"ரேஷன் வரிசையில நீங்க எத்தனாவது ஆளு சார்? முன்னால நிக்கிறவரைக் கேளுங்க. அவரு தனக்கு முன்னால நிக்கிறவரைக் கேப்பாரு. முதல் ஆளு 'ஒண்ணு'ன்னதும் பதில் ஒவ்வொண்ணாக் கூடிக்கிட்டே உங்ககிட்ட வந்துரும்."

"அடடே, புரிஞ்சிடுச்சும்மா!" அவர் கண் கலங்கியது.

"ஐயோ, சத்தமாச் சொல்லாதீங்க சார், வேலை போயிரும்!"

"போகட்டும். இருபது வருஷத்துல எனக்குப் புரியவச்சவ நீ ஒருத்திதான்."

அந்த நன்றியில், தேர்வில் தனக்குப் புரிந்ததையெல்லாம் மூன்று பக்கம் எழுதினார். விடை தப்பாக இருந்ததால் வேலை நீடித்தது.