நாக்கை அடக்கிய மணி

ஒரு யூத ஜெபாலயத்தின் பின்கதவில், உள்பக்கமாக மணி ஒன்று தொங்கியது. வெள்ளிக்கிழமைதோறும், ஓய்வுநாளுக்கு ரொட்டி வாங்க வழியில்லாதவர்கள் எடுத்துப்போகட்டும் என்று அந்தக் கதவுக்கு உள்ளே ஒரு கூடை நிறைய ரொட்டி வைப்பார்கள்.

ஒருநாள் ஷிஃப்ரா என்ற இளம் விதவை குழந்தையோடு வந்து கதவைத் தள்ளினாள். மணி கணீரென்று ஒலித்தது. உள்ளே இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்து, வெறுங்கையோடு திரும்பிவிட்டாள்.

மணிக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, அடுத்த தடவை அவள் வந்தால் நான் வாயே திறக்கமாட்டேன்" என்று கதவிடம் சொன்னது.

"பைத்தியமா உனக்கு? ஒலிக்காத மணியை யார் வைத்திருப்பார்கள்? கழற்றிவிடுவார்கள்!"

"கழற்றட்டும்."

மறு வெள்ளிக்கிழமை ஷிஃப்ரா வந்தாள். மணி நாக்கை இறுகப் பிடித்துக்கொண்டது. கதவும் கிறீச்சிடாமல் மெல்ல விலகிக் கொடுத்தது. யாரும் திரும்பவில்லை. அவள் ரொட்டியைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு வெளியேறினாள்.

அவளுக்குப் பின்னால் கதவு சத்தமில்லாமல் மூடியதைக் காவல்காரர் எஸ்ரா கவனித்தார். மணியை ஆட்டிப் பார்த்தார்; அது பிடித்த நாக்கை விடவில்லை. "இது இனி உதவாது" என்று கழற்றி ஜன்னலில் வைத்தார்.

அங்கிருந்துதான் மணி முதன்முதலாகத் தெருவைப் பார்த்தது. எதிர்ச்சுவரோரம் ஷிஃப்ரா உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை தன் துண்டை அவள் வாயில் ஊட்டியது.