மூன்று பற்கள்

“அப்பா, நான் முத்தம் கொடுத்தா அம்மா ஏன் அழறாங்க?” என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

“உன் மீசை குத்துது போல!” என்று சிரித்து மழுப்பினார் அவர்.

ஒரு வருடம் கழித்து மனைவியை நரம்பு டாக்டரிடம் காட்டியபோதுதான் பதில் கிடைத்தது.

“முகத்து நரம்பை ஒரு ரத்தக்குழாய் அழுத்துதும்மா. காத்து பட்டாலே கரண்ட் அடிச்ச மாதிரி சுளீர்னு இழுக்கும். மாத்திரையில அடங்கும். இல்லைன்னா ஆபரேஷன் இருக்கு” என்ற டாக்டர், அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். “அடடா, மூணு பல்லைப் பிடுங்கியிருக்கே! பல்லு என்னம்மா பாவம் செஞ்சுது? எந்தப் புண்ணியவான் வேலை?”

கணவர் தலை குனிந்தார்.

“விடுங்க டாக்டர். என் வலி தீரணும்னுதான் அவரும் செஞ்சார்” என்றாள் அவள்.

ஒரே வாரத்தில் மாத்திரை வேலை செய்தது. மகள் கொடுத்த முத்தத்தை அவள் முகம் திருப்பாமல் வாங்கிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, விடுமுறைக்குப் பூட்டியிருந்த தன் பல் மருத்துவமனையை அவர் தனியாகத் திறந்தார். அவரை நம்பி மனைவி மூன்று முறை வாய் திறந்து உட்கார்ந்த நாற்காலி காலியாக இருந்தது. பழைய கோப்புகளைப் புரட்டி, பல்லைப் பிடுங்கியும் வலி போகாத ஏழு பேரைக் கண்டெடுத்தார். கடவுளை நினைத்துக்கொண்டு முதல் கடிதத்தை எழுதத் தொடங்கினார்: “தவறு என்னுடையது. தயவுசெய்து ஒரு நரம்பு மருத்துவரைப் பாருங்கள்.”