சொல்தாவின் நன்னடத்தை

“சொல்தா கடிப்பானான்னு கேப்பாங்க, கெடயாதுன்னு சொல்லு. கொரைப்பானான்னு கேப்பாங்க, அவனுக்குக் கொரைக்கவே தெரியாதுன்னு சொல்லு,” என்றான் தனிஸ்லாஸ். அவனுடைய இடது கை நாயின் வாயை இறுகப் பொத்தியிருந்தது.

“பொய்யெல்லாம் வராதுங்க எனக்கு. கேக்குறதுக்கு உள்ளதச் சொல்லுவேன்,” என்றாள் அவன் மனைவி கிரேஸ் மேரி.

சொல்தா, அதாவது சிப்பாய், என்பது பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிய தனிஸ்லாஸின் பெரியப்பாவை ஊரார் அழைத்த பெயர். அவர் செத்த அடுத்த மாதம் வீட்டுக்கு வந்த குட்டிக்கு அதே தொங்கு மீசை இருந்தது. பெயரும் வீணாகாமல் கைமாறியது.

போன வருடம் புருஷனும் பெண்டாட்டியும் வேளாங்கண்ணிக்குப் போனபோது நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். மூன்று நாள் அது சோற்றைத் தொடவில்லை. திரும்பி வந்து அதன் விலா எலும்பைப் பார்த்த தனிஸ்லாஸ், இனி சொல்தா இல்லாமல் ஊர் தாண்டுவதில்லை என்று மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தான்.

அதனால்தான் இந்த ஏலகிரித் திட்டம். டென்ட் வாங்கியாயிற்று, சொல்தாவுக்கு ஒரு மழைக்கோட்டும் தைத்தாயிற்று, சேதராப்பட்டுக் கம்பெனியில் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. தங்க இடம்தான் கிடைக்கவில்லை.

இரண்டு கேம்ப்காரர்கள் நாய் என்றதும் போனை வைத்துவிட்டார்கள். மலையில் மிச்சமிருந்தது அர்ச்சனா என்ற அம்மாள் நடத்துகிற ஒன்றுதான். நாயோடு வரலாம், ஆனால் நன்றாக விசாரித்த பிறகே இடம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

தான் பேசினால் சண்டையில்தான் முடியும் என்பது தனிஸ்லாஸுக்கே தெரியும். நம்பரைப் போட்டு மனைவியிடம் கொடுத்தான். ஸ்பீக்கரில் போடாதே, இவன் சத்தம் கேட்டுவிடும் என்று சொன்னதும் அவன்தான்.

“வணக்கம்ங்க. சனி ஞாயித்துக்கு எடம் வேணும். நானு, எங்க வூட்டுக்காரரு, ஒரு நாயி. வில்லியனூர் பக்கம்ங்க. ஆமா, பாண்டிச்சேரிதான்.”

அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஏதோ வந்தது. கேட்கக் கேட்க கிரேஸ் மேரியின் முகம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டவள் முகமாக மாறியது.

“கோவம் வந்தா கத்தல் இருக்குங்க. மேல பாயுற பழக்கம் கெடயாது.”

தலையில் அடித்துக்கொள்ள தனிஸ்லாஸுக்கு ஒரு கைதான் மிச்சமிருந்தது. அந்தக் கையால் அடித்துக்கொண்டான்.

“ராத்திரில கொறட்ட உண்டுங்க. நடுவுல எழுந்தா மரத்தடிதான். பாத்ரூம் எதிர்லயே இருந்தாலும் மரத்தடிதான்.”

“பின்ன நாயி இன்னா, வெஸ்டர்ன் டாய்லெட்லயா ஒக்காரும்?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான். அவள் கையைக் காட்டி அடக்கினாள்.

“பக்கத்து டென்ட்டுல கறி வறுத்தா கூப்புடாமயே போயி நிக்கிறது உண்டுங்க. பொம்பளைங்கள பாத்தாவா? பல்லக் காட்டுறதோட சரி.”

அபாண்டம். பெண்களைக் கண்டால் சொல்தா வாலை ஆட்டும், அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து அது யாரிடமும் பல்லைக் காட்டியதே இல்லை.

“எங்கூடப் பதினாலு வருசங்க. என்னால முடிஞ்ச அளவுக்குப் பழக்கி வெச்சிருக்கேன்.”

சொல்தாவுக்கு இரண்டு வயது. நாய்க்கு ஒரு வருடம் என்றால் மனுஷனுக்கு ஏழு என்று எங்கோ படித்தது தனிஸ்லாஸுக்கு ஞாபகம் வந்தது. ஏழிரண்டு பதினாலு. கணக்கில் மட்டும் அவளை அசைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டான்.

“தண்ணியா? ரெண்டு நாளைக்குக் கண்ணுலயே காட்ட மாட்டேங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

இதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை. “தண்ணி இல்லாம செத்துருவான்டி,” என்று கத்திக்கொண்டே எழுந்தவன், வாயைப் பொத்தியிருந்த கையையும் எடுத்துவிட்டான். விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் சொல்தா கூரை அதிர மூன்று முறை குரைத்தது.

எல்லாம் போயிற்று என்று தனிஸ்லாஸ் கண்ணை மூடிக்கொண்டான். போனில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. “சரிங்க, ரொம்ப சந்தோசம்ங்க,” என்று கிரேஸ் மேரி போனை வைத்தாள்.

“எடம் குடுத்துட்டாங்க.”

தனிஸ்லாஸ் நாயைக் கட்டிக்கொண்டு தரையில் உருண்டான். எழுந்து சட்டையில் ஒட்டிய முடியைத் தட்டிவிட்டபோதுதான் அவனுக்குக் கோபம் திரும்பி வந்தது.

“எடம் கெடச்சிது, சரி. அதுக்காவ வாயில்லாத சீவன இப்டியா அசிங்கப்படுத்துவ? கத்துவானாம், கொறட்ட வுடுவானாம், அடுத்தவன் கறிக்கு அலைவானாம். நல்லதா ஒண்ணு சொன்னியாடி நீ? மானம் ரோசம் உள்ளவனா இருந்தா இந்நேரம் வூட்ட வுட்டே போயிருப்பான்.”

கிரேஸ் மேரி சொல்தாவின் மழைக்கோட்டை எடுத்து நிதானமாக மடித்தாள்.

“நாயப் பத்தி அந்தம்மா ஒண்ணுமே கேக்கலீங்க.”