மாட்டினான் தொகாஷி

நருமியின் இரண்டு கைகளும் தொகாஷியின் இடுப்பைச் சுற்றி இறுகியிருந்தன.

இருவரும் சேர்ந்தே சேற்றில் விழுந்தார்கள். பந்து தொகாஷியின் பிடியிலிருந்து நழுவி முன்னால் உருண்டது.

பிடித்துவிட்டான். பதினைந்து வருடங்களில் முதல் முறையாக.

"மாட்டினான்டா தொகாஷி!"

மண்மேட்டில் குடையோடு நின்ற நருமியின் மச்சானின் குரல். அவனைச் சுற்றி நின்ற காகித ஆலைக்காரர்கள் துள்ளிக் குதித்துக் கை தட்டினார்கள்.

பிறகு கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாக அடங்கியது.

விசில் சத்தம் வரவில்லை. நருமி தலையைத் தூக்கிப் பார்த்தான். நடுவர் விசிலை வாயில் கவ்வியபடியே நின்றார். எதிரணிக்காரர்கள் பந்தைத் தொடாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் தொகாஷியின் முதுகில், சேறு வழிந்த இடத்தில், பச்சை தெரிந்தது.

நருமி குனிந்து தன் சட்டையைப் பார்த்தான்.

அதுவும் பச்சை.

நருமியின் ஆலை ஊரான கவாசோயின் ரக்பி அணிக்கு நீலச் சட்டை. தொகாஷியின் துறைமுக ஊரான தோமாரிக்குச் சிவப்பு. வருடக் கடைசியில் மைதானத்துப் பனியை வாரிக் கொட்டிவிட்டு இரண்டு ஊரும் மோதும். ஒவ்வொரு முறையும் தொகாஷி நருமியை நோக்கி நேராக ஓடிவருவான். கடைசி நொடியில் எந்தப் பக்கம் வெட்டித் திரும்புவான் என்று தெரியாது. நருமி வெறும் காற்றைக் கட்டிக்கொண்டு விழுவான்.

ஆட்டம் முடிந்து ஆலை உணவகத்தில் இரண்டு அணியும் சேர்ந்து குடிக்கும்போது, தொகாஷி அவன் கோப்பையில் சாக்கே ஊற்றியபடி, "அடுத்த வருஷம் பார்ப்போம்டா" என்பான்.

இளவட்டங்கள் செண்டாய் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். ஆலையில் ஒரு எந்திரம் நின்றுபோனது. ஓர் அணிக்கு வேண்டிய பதினைந்து பேர் இரண்டு ஊரிலுமே தேறவில்லை. இந்த வசந்தத்தில்தான் இரண்டு அணியையும் ஒன்றாக்கிப் பச்சைச் சட்டை தைத்தார்கள். நீலத்தை விடமாட்டோம் என்று மல்லுக்கு நின்ற ஆலைக்காரர்களை, காலில் விழாத குறையாகச் சம்மதிக்கவைத்தவன் நருமிதான்.

இன்று தோற்றால் மாகாணப் போட்டியின் கடைசிப் பிரிவிலிருந்தும் வெளியே. அதற்குக் கீழே பிரிவு கிடையாது. அணியைக் கலைத்துவிடலாம் என்று இரண்டு ஊரும் பேசி வைத்திருந்தது.

நான்கு புள்ளிகள் பின்தங்கியிருந்தார்கள். கடைசி ஓட்டம் அதுதான். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்திருந்தால் ஐந்து புள்ளிகள்.

விழுந்து கிடந்த தொகாஷி கையை நீட்டினால் கோடு எட்டும்.

நடுவர் ஒருவழியாக ஊதினார். பந்து முன்னால் நழுவியது தப்பாட்டம் என்று ஒரு விசில். நேரம் முடிந்துவிட்டதற்கு இன்னொன்று, நீளமாக.

நருமி எழவில்லை.

எதற்காக ஓடினோம்? துணைக்குத்தான். தொகாஷியின் பக்கத்திலேயே, அரையடி பின்தங்கி. அதுவரை நன்றாக நினைவிருந்தது. கை எப்போது நீண்டது? அந்த நொடியில் அவன் சட்டை சிவப்பாகத் தெரிந்ததா? அல்லது பச்சை என்று தெரிந்தேதான் கட்டிப்பிடித்தோமா? மச்சானும்தானே கை தட்டினான். அவனுக்கு எந்த நிறம் தெரிந்தது?

யோசிக்க யோசிக்க எல்லாம் கலங்கியது. தெரியாமல் நடந்துவிட்டது என்று சொன்னால் தோமாரியில் ஒருவர்கூட நம்பமாட்டார். சொல்லிப் பார்த்துக்கொண்டான். அவனுக்கே நம்பிக்கை வரவில்லை.

மற்றவர்கள் வரிசையாக நின்று எதிரணியைக் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தார்கள். தொகாஷி மட்டும் போகாமல் சேற்றிலேயே உட்கார்ந்து, வாய்க்குள் போன மண்ணைத் துப்பினான்.

"மூஞ்சிய அப்படி வச்சுக்காதடா. நீ கை நீட்டினது பந்துக்கு."

நருமி அவனைப் பார்த்தான்.

"முன்னாடி ஒருத்தன் மறிச்சான். நான் பந்தை உன்கிட்டத் தள்ளியிருக்கணும். திரும்பினா உன் மூஞ்சி. பழைய புத்தி எங்க போகும்? உன்னை ஏமாத்திட்டு ஓடுறதா நினைச்சு வெட்டினேன் பாரு, நேரா உன் கைக்குள்ளயே வந்து விழுந்தேன்."

சொல்லிவிட்டுத் தொகாஷி சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டு கைகளாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

பந்துக்காகவா? இருக்கலாம். நருமிக்கு நினைவில்லை. நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஏதோ ஒன்று சுருக்கென்று தைத்தது.

"அப்போ," என்றான் நருமி, "இந்தத் தடவையும் நீ என்கிட்ட மாட்டலையா?"