மேல் கட்டில்

அறை எண் பதினேழில் அன்று காலை இருந்தவர்கள் இவர்கள்: மேசைமேல் தலை சாய்த்துக் கிடந்த நெட்டை, மேல் கட்டிலில் இழுத்துப் போர்த்திக்கொண்டு குட்டை, வாசலில் பதிவேட்டோடு வார்டன். வார்டன் எட்டிப் பார்த்து, இரண்டு பேர் என்று குறித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

போர்வைக்குள் இருந்தவை விடுதித் தலையணை ஒன்று, பூப்போட்ட தலையணை ஒன்று, ஒரு கம்பளிச் சட்டை.

குட்டை கிளம்பிப் போய் இருபத்திரண்டு நாள். "இந்தக் காலேஜே எனக்குத் தொண்டையில நிக்குதுடி. ஒரு வாரம் எங்க சித்தி வீட்ல இருந்துட்டு வந்துடறேன். அம்மாவுக்குத் தெரிஞ்சுதுன்னா என்னை உரிச்சுடுவாங்க. நீ சமாளிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் செல்போனில் வந்ததெல்லாம் ஒரே செய்திதான்: ரெண்டு நாள்ல வர்றேன்.

நெட்டை சமாளித்தாள். இரண்டு பேரும் முதலாண்டுதான் என்றாலும் வேறு வேறு பிரிவு. முக்கால்வாசி வகுப்புகள் ஒரே நேரத்தில் நடந்தன. நூற்றிருபது பேரில் எந்த வாத்தியாருக்கு யார் முகம் தெரியும்? தன் வகுப்பை விட்டுவிட்டு, குட்டையின் வகுப்பில் கடைசி வரிசையில் கூனி உட்கார்ந்து, குட்டையின் எண்ணுக்குக் குரல் கொடுத்தாள்.

சேர்ந்த முதல் வாரத்தில் அவளிடம் "சாப்டியா?" என்று கேட்ட ஒரே ஆள் குட்டை. அவளும் போய்விட்டால் இந்த நாலு சுவரோடுதான் பேச வேண்டும். குட்டைக்கு வருகை ஏற ஏற, நெட்டைக்கு இறங்கியது. எழுபத்தைந்து விழுக்காடு இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். நேற்று அறிவிப்புப் பலகையில் நெட்டையின் பெயருக்கு நேராக அறுபத்தொன்று என்று போட்டிருந்தது.

கதவு தட்டப்பட்டது.

"நீதானே நெட்டை? சொல்லியிருக்கா." உள்ளே வந்த பெண்மணிக்கு அச்சாகக் குட்டையின் முகம். ஓட்டல் சலவைப் பிரிவில் வேலை. ஷிப்ட் முடிந்து அப்படியே பஸ் ஏறியிருக்க வேண்டும், மேலெல்லாம் சோப்பு வாடை. கக்கத்தில் மடித்த இரண்டு வெறும் பை. அம்மாவின் பார்வை நேராக மேல் கட்டிலுக்குப் போனது.

நெட்டை கட்டிலை மறைத்துக்கொண்டு நின்றாள். "தூங்குறா ஆன்ட்டி. ரெண்டு மணி வரைக்கும் படிச்சா. எழுப்பட்டுமா?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வேணாம், வேணாம்." அம்மா சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "நல்லாத் தூங்கட்டும்."

நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்தவள், கட்டில் பக்கம்கூடப் போகவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அப்புறம் பேச்செல்லாம் கிசுகிசுப்பில்தான் நடந்தது.

"ஒழுங்கா சாப்பிடறாளா?"

"என் பங்கையும் சேர்த்துச் சாப்பிடறா ஆன்ட்டி."

"வகுப்புக்குப் போறாளா? இல்ல, மட்டம் போடறாளா?"

"ஒரு நாள் விடமாட்டா. மட்டம் போடறது நான்தான்." அதுவரை அவள் சொன்னதில் இது ஒன்றுதான் நிஜம்.

"அழறாளா?"

"முதல்ல அழுதா. இப்ப இல்ல."

"நீ?"

"எனக்கு எங்க ஆன்ட்டி நேரம்?"

அம்மா கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் பிரித்தாள். "போன வாரம் உங்க காலேஜ்லேருந்து வந்துச்சு. வருகை நூத்துக்குத் தொண்ணூத்தெட்டாம். பிரிவுலயே இவதான் முதலாம். பாராட்டி எழுதியிருக்காங்க. பள்ளிக்கூடத்துக்கு அடிச்சு அனுப்பினாக்கூடப் போகமாட்டா இவ."

"பாத்தீங்களா ஆன்ட்டி!" நெட்டைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பட்ட பாடு வீண்போகவில்லை.

"உனக்கு எவ்வளவு?"

"அறுபத்தொண்ணு."

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்தாள். பிறகு எழுந்து, குட்டையின் அலமாரியைத் திறந்து துணிகளை மளமளவென்று மடித்துப் பையில் அடுக்கினாள். கை இயந்திரம் மாதிரி ஓடியது.

"துவைக்கவா ஆன்ட்டி?"

"ம்."

அடுத்த பையில் செருப்பு போனது, சீப்பு போனது. புத்தகங்களும் போயின.

"புத்தகம் எதுக்கு ஆன்ட்டி? வியாழக்கிழமை அவளுக்குப் பரீட்சை இருக்கு."

அம்மா கடிதத்தை மட்டும் நெட்டையின் மேசைமேல் வைத்தாள்.

"இது அவளுக்கு வந்தது ஆன்ட்டி."

"உன்கிட்டயே இருக்கட்டும்."

இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவள் நின்று திரும்பினாள். இப்போது குரலைத் தாழ்த்தவில்லை.

"அந்தப் பூப்போட்ட தலையணையையும் எடுத்துக் குடும்மா. அது இல்லாம மூணு வாரமா வீட்ல அவளுக்குத் தூக்கமே வரல."

நெட்டை மேல் கட்டிலுக்குக் கை நீட்டினாள், ஏணி தேவைப்படவில்லை. அம்மா தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போய்க் கதவை இழுத்தாள். இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு அது. பூட்டிக்கொண்டது.